கதிரின் கதை – 5: ஒரே அடியா, ஒரு மாதமா?

1914 செப்டம்பர் தொடக்கம். ஜெர்மன் படை பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு அரசாங்கமே தலைநகரைக் காலி செய்துகொண்டு தென்மேற்கே போர்தோ நகரத்துக்குப் போய்விட்டது. போர்தோ போகும் ரயில்களில் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலுக்குள் 46 வயதுப் பெண் ஒருவர், கையோடு கொண்டுவந்த பெட்டியை விட்டு அசையாமல் பயணம் செய்துகொண்டிருந்தார். பெட்டியின் எடை ஏறத்தாழ 20 கிலோ. அவ்வளவும் ஈயம். ஈயத்துக்குள் இருந்த பொருளின் எடை ஒரே ஒரு கிராம்.

அந்தப் பெண் மேரி கியூரி. அந்த ஒரு கிராம், ரேடியம். அவருடைய ஆய்வுக்கூடத்தின் உயிரே அதுதான். எதிரியின் கையில் அது சிக்கிவிடக் கூடாது என்று அவரே சுமந்து வந்தார். போர்தோவில் ஒரு வங்கியின் பாதுகாப்பு அறையில் வைத்துப் பூட்டினார். மறு ரயிலைப் பிடித்து, குண்டு விழப்போகும் பாரிஸுக்கே திரும்பினார்.

பாரிஸில் அவருக்காக ஒரு புத்தம் புதிய கட்டடம் காத்திருந்தது. அதன் பெயர் ரேடியம் நிறுவனம். அதற்கு இரண்டு பிரிவுகள். கதிரின் இயற்பியலையும் வேதியியலையும் ஆராயும் பிரிவுக்கு மேரி தலைவர். கதிர் உயிருள்ள உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் பிரிவுக்கு கிளாடியஸ் ரெகோ தலைவர். லியோன் ஊர்க்காரர், 44 வயது. நுண்ணோக்கிக்குக் கீழே திசுக்களைப் பார்த்துப் பார்த்தே பேர் வாங்கியவர்.

1914 ஜூலையில் கட்டடம் தயார். ஆகஸ்டில் போர். ரெகோ போர்முனை மருத்துவமனைக்குப் போனார். மேரி எக்ஸ்ரே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு காயம்பட்ட சிப்பாய்களைத் தேடிப் போனார். கட்டடம் காலியாக நின்றது. உலகமெங்கும் புற்றுநோயாளிகளைச் சாகவிடாமல் தடுக்க வேண்டிய ஒரு கேள்விக்கு அந்தக் கட்டடத்தில்தான் விடை கிடைக்க வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

★

அந்தக் கேள்வி எப்படி முளைத்தது? கடந்த நான்கு வாரங்களாக நாம் பார்த்துவந்ததை ஒருமுறை கோத்துப் பார்ப்போம்.

1895 நவம்பர் 8-ஆம் தேதி, வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1896 நவம்பரில், வியன்னாவில் லெயோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் அந்தக் கதிரை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முதுகில் செலுத்தினார். சிறுமியின் முதுகு முழுக்க முடி அடர்ந்த பெரிய மச்சம். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள். முடி உதிர்ந்தது. கூடவே தோலும் வெந்து புண்ணானது. அந்தச் சிறுமி எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார். முதுகில் அந்த வடுவும் கடைசிவரை இருந்தது.

1899-இல் ஸ்டாக்ஹோமில் தோர் ஸ்டென்பெக் ஒரு பெண்ணின் மூக்கில் வந்த தோல் புற்றைக் கதிரால் குணப்படுத்தினார். ஒன்பது மாதங்களில் நூறு தடவைக்கு மேல் கதிர் கொடுத்தார். முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெண் நலமாக இருந்தார். கதிர் புற்றை அழிக்கும் என்பதற்கு அவர் உயிர்ச்சாட்சி.

மறுபக்கம் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி. தினமும் எக்ஸ்ரே குழாய்க்கு முன்னால் நின்ற அவருடைய கைகள் வெந்தன, புற்று வந்தது, கைகளை வெட்டினார்கள். 1904-இல் இறந்தார். அதற்குப் பிறகு எடிசன் எக்ஸ்ரே பக்கமே போகவில்லை. 1936-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஒரு மருத்துவமனைத் தோட்டத்தில் நினைவுத்தூண் ஒன்று எழுப்பினார்கள். கதிரோடு பணிபுரிந்து கதிராலேயே மாண்ட 169 பேரின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருந்தன. மருத்துவர்கள், தாதியர், தொழில்நுட்பர்கள், இயற்பியலாளர்கள். திறப்பு விழாவுக்குப் பிறகும் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

ஒரே கதிர். ஒரு பெண்ணுக்கு வாழ்வு, ஓர் இளைஞனுக்குச் சாவு. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? புற்று சாக வேண்டும், அதைச் சுற்றியுள்ள தோலும் தசையும் பிழைக்க வேண்டும். இதுதான் கேள்வி.

★

இதற்கு முதலில் விடை சொன்னவர்கள் ஜெர்மானியர்கள். அவர்கள் விடை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஆரம்ப கால மருத்துவர்கள் கதிரைச் சிறிது சிறிதாகத்தான் கொடுத்தார்கள். காரணம் தத்துவம் எதுவும் இல்லை, அன்றைய குழாய்களுக்குச் சக்தி போதவில்லை. ஸ்டென்பெக் நூறு தடவை கொடுத்ததும் அதனால்தான். 1913-இல் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் புதுவகை எக்ஸ்ரே குழாயைச் செய்தார். வேண்டிய அளவு கதிர், வேண்டிய நேரம், வேண்டிய சக்தியில் அதிலிருந்து கிடைத்தது. அதுவரை மாதக்கணக்கில் கொடுத்துவந்ததை ஒரே நாளில் கொடுத்து முடிக்கலாம் என்ற நிலை வந்தது.

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் லூட்விக் ஸைட்ஸ், ஹெர்மன் வின்ட்ஸ் என்ற இரண்டு மகளிர் மருத்துவர்கள் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு தினமும் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய வாதம் தெளிவானது. புற்றைக் கொல்ல இவ்வளவு கதிர் வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் புற்று சாகாது, சீண்டிவிட்டதுபோல் இன்னும் வேகமாக வளரும். ஆகவே முழு அளவையும் ஒரே தடவையில் கொடுத்துவிட வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணர் கட்டியை ஒரே நாளில்தானே வெட்டி எடுக்கிறார்? கதிரும் அப்படியே செய்யட்டும்.

அளவை எப்படிக் கண்டார்கள்? கதிரை அளக்க அன்று பொது அலகு கிடையாது. நோயாளியின் தோலே அளவுகோல். எவ்வளவு கதிர் பட்டால் தோல் சிவக்கிறதோ, அது ஓர் அளவு. அதை நூறு சதவீதம் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கணக்கிட்டார்கள். கறுத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும், கழுத்துக்கும் முதுகுக்கும் அது மாறும். ஒரு மருத்துவமனையின் அளவு அடுத்த ஊர் மருத்துவமனைக்குப் பொருந்தாது.

எர்லாங்கன் முறை ஐரோப்பா முழுக்கப் பரவியது. சிலர் பிழைத்தார்கள். பலருக்குப் புற்றோடு சேர்ந்து குடலும் சிறுநீர்ப்பையும் தோலும் வெந்தன. அளவைக் குறைத்தால் புற்று திரும்பியது, கூட்டினால் நோயாளி தாங்கவில்லை. அந்த மருத்துவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். கையில் இருந்த அறிவைக் கொண்டு உயிரைக் காப்பாற்றப் போராடியவர்கள். ஆனால் அவர்களுடைய கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. அந்த ஒன்று, நேரம்.

அதைக் கண்டுபிடித்தது ஓர் ஆட்டுக்கடா.

★

போர் முடிந்து ரெகோ பாரிஸுக்குத் திரும்பினார். 1920-இல் கியூரி அறக்கட்டளை உருவானது. ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கவும் வழி பிறந்தது. ரெகோ கையில் போருக்கு முன்பிருந்தே ஒரு துப்பு இருந்தது.

லியோனில் இருந்த நாட்களில் அவர் ஆராய்ந்த பொருள் விந்தகம். விந்தணுக்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை நுண்ணோக்கியில் ஆண்டுக்கணக்கில் பார்த்தவர். விந்தகத்தின் தாய் உயிரணுக்கள் (சுருக்கமாக, அணுக்கள்) ஓயாமல் பிளந்து பெருகிக்கொண்டே இருக்கும். எக்ஸ் கதிர் பட்டால் அவைதான் முதலில் சாகின்றன என்பதை 1906-லேயே அவர் கவனித்துவிட்டார். அதே 1906-இல் போர்தோ மருத்துவர்கள் பெர்கோனியே, திரிபோந்தோ இருவரும் அதைப் பொது விதியாகவே சொன்னார்கள். வேகமாகப் பெருகும் அணு கதிருக்குச் சுலபமாகச் சாகும், நிதானமாக இருக்கும் அணு தாங்கும். (அந்த பெர்கோனியேயும் கதிரால் வலது கையை இழந்து, 1925-இல் உயிரையும் இழந்தார்.)

ரெகோ இதைப் புற்றோடு பொருத்திப் பார்த்தார். ஓயாமல் பெருகும் அணுக்கள் கொண்டது புற்று. விந்தகமும் அப்படித்தான். புற்றுக்கு மேலே நோயாளியின் தோல் இருக்கிறது. விந்தகத்துக்கு மேலேயும் விதைப்பையின் தோல் இருக்கிறது. அப்படியானால் ஒரு புற்றுநோயாளியின் பிரச்சினை முழுவதும் ஒரு மிருகத்தின் உடம்பிலேயே இருக்கிறது. தோலைக் கெடுக்காமல் விந்தகத்தை நிரந்தரமாக மலடாக்க முடிந்தால், தோலைக் கெடுக்காமல் புற்றையும் அழிக்க முடியும்.

முயல்களிலும் ஆட்டுக்கடாக்களிலும் சோதனை நடந்தது. முதலில் எர்லாங்கன் வழி: ஒரே தடவையில் முழு அளவு. சில வாரங்களில் விதைப்பையின் தோல் சிவந்து, உரிந்து, அழுகிப் புண்ணானது. மிருகம் துடித்தது. விந்தகத்தை அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அங்கே இங்கே சில தாய் அணுக்கள் தப்பிப் பிழைத்திருந்தன. போதிய காலம் கொடுத்தால் அவை மறுபடி பெருகிவிடும். அளவைக் கூட்டினாலும் அதே கதை. மேலே தோல் போயிற்று, உள்ளே விந்தகம் பிழைத்தது.

பிறகு கதிரைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம், வாரக்கணக்கில்.

தோல் சிவந்தது, லேசாக உரிந்தது, ஆறிவிட்டது. விந்தகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒரு தாய் அணுகூட மிச்சமில்லை. மிருகம் நிரந்தரமாக மலடாகியிருந்தது.

1922-இல் இந்த முடிவை வெளியிட்டார். 1927-இல் ஃபெரூ என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து இன்னும் விரிவாக எழுதினார். அதே கதிரை நாட்களாகப் பிரித்துக் கொடுக்கும்போது பெருகும் அணுக்களுக்கும் தோலுக்கும் கிடைக்கும் விளைவு வேறு வேறாகிறது. எர்லாங்கன் கணக்கில் இல்லாத நேரம் என்பதற்கு அன்று இடம் கிடைத்தது.

★

ஏன் அப்படி நடந்தது? ரெகோவுக்குக் காரணம் முழுதாகத் தெரியாது. அணுவுக்குள் கதிர் எதை உடைக்கிறது என்பது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது. இன்று நமக்குத் தெரியும். அதை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிகிச்சை மேஜையில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் இது தேவைப்படும்.

கதிர் அணுவுக்குள் புகுந்து டிஎன்ஏ இழையை உடைக்கிறது. நல்ல அணுவும் உடைகிறது, புற்று அணுவும் உடைகிறது. உடைப்பு சிறியதாக இருந்தால் நல்ல அணு அடுத்த சில மணி நேரத்துக்குள் தன் இழையை ஒட்டிச் சரிசெய்துகொள்ளும். அடுத்த நாள் கதிர் வரும்போது அது தயாராக இருக்கும். புற்று அணுவுக்கு அந்தத் திறமை பெரும்பாலும் பழுதாகியிருக்கிறது. உடைப்போடு உடைப்பாக அவசரமாகப் பிளக்கப் போய்ச் செத்துப்போகும். ஒரு நாளில் இந்த வித்தியாசம் சின்னது. முப்பது நாளில் அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது காரணம் ஆக்சிஜன். கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. ஆக்சிஜன் இல்லாத அணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். ஒரே அடியில் கொடுத்தால் அந்த நடுப்பகுதி தப்பிவிடும். நாட்களாகப் பிரித்தால், வெளியே உள்ள அணுக்கள் செத்துக் கட்டி சுருங்கச் சுருங்க, உள்ளே மூச்சுத் திணறிக் கிடந்த அணுக்களுக்கும் ஆக்சிஜன் போகிறது. மறுநாள் கதிருக்கு அவையும் பலியாகின்றன.

மூன்றாவது, அணு தன் ஆயுள்சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. பிளக்கும் தறுவாயில் இருக்கும் அணு கதிருக்குச் சுலபமாகச் சாகும். டிஎன்ஏவைப் படியெடுத்து முடிக்கும் கட்டத்தில் இருக்கும் அணு தாங்கிவிடும். இன்று தாங்கிய அணு நாளை வேறு கட்டத்துக்கு வந்திருக்கும்.

நான்காவது காரணம் எச்சரிக்கை. தலை, கழுத்துப் புற்றுகளில் சிகிச்சை தொடங்கிய நான்காவது வாரத்தை ஒட்டி, தப்பிப் பிழைத்த புற்று அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. நாட்களாகப் பிரிப்பது நன்மை, நடுவில் நாட்களை விடுவது ஆபத்து. இந்த நான்காவது காரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்ப வரப்போகிறோம்.

★

ஆட்டுக்கடாவில் பலித்தது மனிதனில் பலிக்குமா?

ரெகோவோடு கியூரி அறக்கட்டளையில் ஆன்ரி கூத்தார் என்ற மருத்துவர் இருந்தார். அவர் எடுத்துக்கொண்டது அன்றைய மருத்துவத்தின் மிகக் கொடிய நோய்களில் ஒன்றை: முற்றிய குரல்வளைப் புற்று. அதற்கு அன்று இருந்த ஒரே வழி குரல்வளையை அறுத்து எடுப்பது. நோயாளி பிழைத்தாலும் பேச்சு போய்விடும், கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் வாழ்நாள் முழுக்க மூச்சு விட வேண்டும். அறுக்கவும் முடியாத அளவுக்கு முற்றியவர்களுக்கு எந்த வழியும் இல்லை.

கூத்தார் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கதிர் கொடுத்தார். கதிர் விழும் வேகத்தைக் குறைத்து, நேரத்தை நீட்டி, வாரக்கணக்கில். நோயாளியின் வாயையும் தொண்டையையும் தோலையும் தினமும் உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனதும் தொண்டையின் உட்தோல் வெந்து வெண்மையாகப் படை பிடித்தது. ஏறத்தாழ நான்கு வாரம் ஆனதும் கழுத்துத் தோல் உரிந்தது. நோயாளி எச்சில் விழுங்கவே சிரமப்பட்டார். அதைப் பார்த்த எவரும் சிகிச்சையை நிறுத்திவிடத்தான் சொல்லியிருப்பார்கள். கூத்தார் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தப் புண் ஏறக்குறைய அதே நாளில் வந்து, அதே ஒழுங்கில் ஆறியதை அவர் கண்டுவிட்டார். அது கைமீறிப் போன புண் அல்ல, எதிர்பார்த்து, அளந்து, ஆறவிடக்கூடிய புண்.

1922. பாரிஸில் சர்வதேச மருத்துவ மாநாடு. கூத்தாரும் காது மூக்கு தொண்டை நிபுணர் ஓதானும் ரெகோவோடு சேர்ந்து தங்கள் முடிவைச் சொன்னார்கள். முற்றிய குரல்வளைப் புற்று வந்த ஆறு பேர். ஆறு பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது. ஆறு பேரும் பெரிய பின்விளைவு எதுவும் இல்லாமல் இருந்தார்கள். கத்தி படவில்லை.

ஆறு என்பது சின்ன எண். ஆனால் அன்றுவரை ஆழமான ஒரு புற்றைக் கதிரால், உடம்பைக் கெடுக்காமல் அழிக்க முடியும் என்று இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை. எர்லாங்கன் முறை உடனே மறைந்துவிடவில்லை. விவாதம் மேலும் பத்தாண்டு ஓடியது. 1930-களில் கூத்தார் தன் நோயாளிகளின் முழுக் கணக்கையும் வெளியிட்டபோது விவாதம் ஏறக்குறைய முடிந்தது. அதன் பிறகு உலகம் பாரிஸ் வழியில் நடந்தது.

★

இன்று நம் ஊரில் ஒரு கதிரியக்கப் பிரிவின் வாசலில் காலையில் போய் நின்று பாருங்கள். “கரண்ட் வைக்க வந்திருக்கோம்” என்று சொல்லிக்கொண்டு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்று. கூட வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏன் டாக்டர் இத்தனை நாள்? ஒரே தடவையா குடுத்து முடிச்சிடக் கூடாதா? தினம் வந்து போறது கஷ்டமா இருக்கு.”

அந்தக் கேள்விக்கு விடைதான் இந்த அத்தியாயம். வாய், தொண்டைப் புற்றுக்கு வழக்கமான சிகிச்சை நாளுக்கு 2 கிரே. கிரே என்பது கதிரின் அலகு. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரத்தில் 66 முதல் 70 கிரே வரை போகும். அந்த 70 கிரேயை ஒரே நாளில் கழுத்தில் இறக்கினால் கழுத்தே மிஞ்சாது. மருத்துவமனை உங்களை அலைக்கழிக்கவில்லை. உங்கள் நல்ல அணுக்கள் பிழைத்துக்கொள்ள இரவு நேரத்தைக் கொடுக்கிறது.

கதிர் கொடுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் துல்லியத்துக்காக. தலை, கழுத்து நோயாளிக்கு முதலில் முகமூடி செய்வார்கள். வெந்நீரில் போட்டால் ஈரத்துணிபோல் இளகும் வலைவலையான பிளாஸ்டிக் தகடு. அதை முகத்தின் மேல் விரித்து மூக்கு, தாடை, கழுத்து என்று விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சில நிமிடத்தில் அது இறுகி, அவர் முகத்துக்கே உரிய அச்சாகிவிடும். அடுத்த ஆறேழு வாரமும் அந்த முகமூடியை மேஜையோடு பூட்டித்தான் கதிர் கொடுப்பார்கள். சில மில்லிமீட்டர்கூட நகரக் கூடாது. உடம்பில் மையால் போட்ட கோடுகளை அழிக்காதீர்கள் என்று சொல்வதும் அதற்காகத்தான்.

கதிர் பாயும்போது வலிக்காது. வெளியிலிருந்து கதிர் வாங்கிய நோயாளியின் உடம்பில் கதிர் தங்குவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். கதிர் படும் இடத்தில்தான் முடி உதிரும், வேறெங்கும் உதிராது. இரண்டு வாரத்தில் வாய் வேகும், நான்கு வாரத்தில் தோல் கறுத்து உரியும். கூத்தார் குறித்துவைத்த அதே நாட்கணக்கு.

இங்கேதான் அந்த நான்காவது காரணம் வருகிறது. வாய் வெந்து சாப்பிட முடியாத அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். அறுவடை, கல்யாணம், பஸ் செலவு, உடம்பு தாங்கவில்லை, சாமியார் மருந்து என்று காரணங்கள் பல. புற்று அணு வேகமாகப் பெருகத் தொடங்குவதும் சரியாக அதே நேரத்தில்தான். பாதியில் விட்ட சிகிச்சை பாதி குணம் தராது. புண்ணுக்கும் வலிக்கும் சத்துக் குறைவுக்கும் மருந்து இருக்கிறது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கவும் வழி இருக்கிறது. விட்டுப்போன நாளை ஈடுகட்டுவது மிகக் கடினம். கஷ்டத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், வருவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இந்தத் தொடரில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எல்லா நோய்க்கும் முப்பது நாள் என்று இல்லை. மார்பகப் புற்றுக்கு இன்று பல இடங்களில் மூன்று வாரத்தில் 15 தடவையே போதுமானதாகியிருக்கிறது. எலும்புக்குப் பரவிய வலியைத் தணிக்க ஒரே தடவைகூடப் போதும். மூளையிலோ நுரையீரலிலோ உள்ள சிறிய கட்டியை மிகத் துல்லியமாகக் குறிவைத்து ஒன்று முதல் ஐந்து தடவையில் முடிக்கவும் முடிகிறது. துல்லியம் கூடியதால், சுற்றியுள்ள நல்ல திசுவுக்குக் கதிர் போவது குறைந்துவிட்டது. எத்தனை தடவை என்பதை நோயும் இடமும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். முடிவு செய்த பிறகு அதை முழுதாக முடிப்பது நம் பொறுப்பு.

★

மீண்டும் பாரிஸுக்கு வருவோம். 1922-இல் எப்படிக் கொடுப்பது என்பது தெரிந்துவிட்டது. 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாடு ராண்ட்கன் என்ற பொது அலகை ஏற்றது. எவ்வளவு கொடுப்பது என்பதையும் இனி அளந்து சொல்லலாம். தோலின் சிவப்பை நம்பிய காலம் முடிந்தது.

ஆனால் ஒரு சுவர் அப்படியே நின்றது. குரல்வளை கழுத்தில், தோலுக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. கர்ப்பப்பையும் உணவுக்குழாயும் உடம்பின் ஆழத்தில் இருக்கின்றன. அன்றைய 200 கிலோவோல்ட் எக்ஸ்ரே தோலில்தான் முழு வீச்சில் விழும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். எத்தனை நாளாகப் பிரித்தாலும் தோல் முதலில் தோற்றுவிடும். ரேடியத்தின் கதிர் ஆழம் பாயும். ஆனால் 1921-இல் அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து மேரி கியூரிக்குப் பரிசளித்த ஒரே ஒரு கிராம் ரேடியத்தின் விலை ஒரு லட்சம் டாலர். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப் பல கிராம் வேண்டும். சென்னையில் 1934-இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிறுவனத்துக்கும் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் பிரச்சினை ஒன்றுதான்.

அந்தச் சுவரை உடைத்தது எந்த மருத்துவமனையும் அல்ல, அணு உலை. அணுகுண்டின் யுகத்தில் பிறந்த கனடாவின் சாக் ரிவர் உலைக்குள், சாதாரணக் கோபால்ட் உலோகத் துண்டுகளை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெளியே எடுத்தபோது ரேடியம் தர முடியாததை அது தந்தது. ஆயிரம் கியூரி (கதிரியக்கத்தின் அலகு) வலிமை, தோலை விட்டுவிட்டு அரை சென்டிமீட்டர் உள்ளே போய் உச்சம் தொடும் கதிர், ஏழை நாடுகளுக்கும் எட்டும் விலை. சில ஆண்டுகளில் அது கடல் கடந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் வரப்போகிறது.

1951 இலையுதிர் காலம். அந்த உலையிலிருந்து கோபால்ட் வாங்கிக்கொண்டு கனடாவின் இரண்டு நகரங்கள் தனித்தனியே கருவி கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஓர் இயற்பியலாளர், ஒவ்வொரு ஆழத்திலும் கதிரை அளந்து முடிக்கும்வரை ஒரு நோயாளியைக்கூடத் தொட மாட்டேன் என்று நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் நோயாளிகள் காத்திருந்தார்கள். இரண்டு நகரங்களின் முதல் நோயாளிகளுக்கும் இடையே 12 நாள். அவர்களில் ஒருவர் 43 வயதுப் பெண், முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்று, மற்ற வழிகளெல்லாம் அடைபட்டவர். நவம்பர் 8-ஆம் தேதி அவர் அந்தக் கருவிக்குக் கீழே படுத்தார்.

முந்திய நகரம் எது? அந்தப் பெண் பிழைத்தாரா?

(அடுத்த வாரம்: 12 நாள் இடைவெளி)